தச்சனுக்கு ஒரு கடுதாசி

போர்டிக்சன்,
மலாயா, 27 ஜூன் 1943

அன்புள்ள வள்ளிக்கு,

சர்வேசுரன் கிருபையில் நான் உயிரோடு இருக்கிறேன். வீடுதான் இருக்குமா என்று தெரியவில்லை. சமையலறைப் பக்கத்துக் கூரையில் மூன்று கைமரங்களைக் கரையான் தின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று முறிந்து தொங்கியது. கூரையின் அந்தப் பக்கம் முழுவதும் இப்போது என் தலைக்கு மேல் ஒரு முழம் இறங்கி நிற்கிறது. அடுப்பைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். அமலதாஸ் உயிரோடு இருந்திருந்தால் கூடத்தில் புகை படிய விட்டிருப்பாரா?

போன மாதமே ஒரு தச்சனை வைத்தேன். பார்க்கப் பக்திமான். நெற்றி நிறைய விபூதி. வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு என் பின்னல் ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு உள்ளே போயிற்று. உளுத்த மரத்தின் மேல் தார் பூசிவிட்டுப் போயிருக்கிறான்.

உன் ரப்பர் தோட்டத்தில் தச்சர் யாராவது சும்மா இருந்தால் எழுது. ஆனால் ‘நல்லவன்’ என்று மட்டும் எழுதாதே. கான்வென்ட் பள்ளியில் எனக்குக் கீழ்வகுப்பில் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கண்ணில் பட்டவர்களையெல்லாம் நல்லவர்கள் என்பாய். எனக்கு விவரம் வேண்டும். இதற்கு முன் யார் வீட்டில் வேலை செய்தான், அந்த வேலை இன்றும் நிற்கிறதா, குடிப்பானா, ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்கு ஓடுவானா, பழைய மரத்தைப் புதிது என்று ஏமாற்றுவானா? உன் வீட்டுக்காரரிடமும் கேட்டு எழுது. தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதும் கிராணிகளுக்கு ஆட்களைத் தெரியும்.

தபாலில் போடாதே, ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிக்கிறார்கள். சன்னாசியின் உப்பு வண்டி திங்கட்கிழமை உங்கள் பக்கம் போய், சனிக்கிழமை இங்கே திரும்புகிறது. அவனிடமே கொடு.

உன் அக்கா,
பெட்ரிசியா அமலதாஸ்


கிராணி வீடு, ரந்தாவ் தோட்டம்,
2603 ஜூலை 2

அன்புள்ள பெட்ரிசியா அக்காவுக்கு,

தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆபிசில் ஜப்பான் வருடம்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு, வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. இங்கிலீஷ் பேச்சு காதில் விழுந்தாலே புதிதாக வந்த ஜப்பான் மானேஜர் கை ஓங்குகிறான். போன வாரம் என் வீட்டுக்காரர் வாய் தவறி ‘குட் மார்னிங்’ சொல்லி அறை வாங்கினார். முப்பது வருடப் பழக்கம், என்ன செய்வது?

நீங்கள் கேட்ட ஆள் கிடைத்துவிட்டான். பெயர் ஆறுமுகம். இந்தக் கடுதாசியை அவனே கொண்டு வருவான். ரப்பர் ஷீட் உலர்த்தும் எங்கள் புகைக்கூடத்தின் கதவு ஆறு வருடத்துக்கு முன் அவன் போட்டது. ராப்பகலாகப் புகையும் சூடும் பட்டும் இம்மி அசையவில்லை. குடிப்பானா என்றால், முன்பு குடித்தான். இப்போது கள்ளுக்கு எங்கே போவான்? பாதியில் ஓட மாட்டான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘நல்லவன்’ என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா?

அக்கா, இனி எழுதுவதுதான் முக்கியம். ஏப்ரலில் இங்கிருந்து இருபத்தேழு பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றே மாதம் என்றார்கள். இந்த மாதம் முடிந்தால் அந்தக் கெடுவும் தாண்டிவிடும், இதுவரை ஒருவனிடமிருந்தும் ஒரு வரி இல்லை. இப்போது இன்னும் முப்பது பேர் வேண்டுமாம். பதினைந்தாம் தேதி பட்டியல் கொடுக்க வேண்டும். எழுத வேண்டியவர் என் வீட்டுக்காரர். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே ஒரு வீட்டில் வேலை இருக்கிறது என்று, வேலை கொடுப்பவரின் கையெழுத்தோடு கடுதாசி கொண்டு வருகிறவனை இந்த ஆபிசில் இதுவரை விட்டிருக்கிறார்கள். ஆறுமுகத்துக்கு மயிலம்மாள் என்று மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். உங்கள் கையால் ஒரு வரி போதும். கூரையும் நிமிரும், அவனும் தப்புவான்.

உங்கள் தங்கை,
வள்ளிநாயகி


போர்டிக்சன்,
4 ஜூலை 1943

அன்புள்ள வள்ளிக்கு,

உன் ஆள் வந்தான், போனான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

நேற்று மத்தியானம் வந்து கூரையைச் சுற்றிப் பார்த்தான். ஏணி கேட்கவில்லை, ஜன்னல் விளிம்பில் கால் வைத்து ஏறிவிட்டான். ஒவ்வொரு மரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். பிறகு, “யாரும்மா இந்த ஊட்ட கட்டுனது?” என்றான்.

“என் கணவர் பக்கத்தில் நின்று கட்டுவித்தார்” என்றேன்.

“நின்னாரு, சரி. பாத்தாரான்னு தெரியலையே.”

நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். அவன் மறுபடி மேலே ஏறிய பிறகுதான் சிரித்தேன்.

கூரையைத் தொட விடுமுன் ஒரு சோதனை வைத்தேன். படுக்கையறை ஜன்னல் நாலு வருடமாகச் சிக்கிக்கொண்டிருந்தது, உனக்குத் தெரியும். அதைச் செய்து காட்டச் சொன்னேன். கழற்றி, இரண்டு பக்கமும் இழைத்து, கீலை இடம் மாற்றிப் போட்டான். இப்போது சுண்டு விரலால் தள்ளினால் திறக்கிறது. நான் நியாயமாகச் சொல்ல வேண்டும்: சுத்தமான வேலை. கடுதாசி எழுதத் தாளையும் மையையும் எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போது அவனே மடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்தான். “இது பெர்க்கின்ஸ் தொரை எழுதிக் குடுத்த சட்டிபிகேட்டும்மா. பன்னெண்டு வருசமா வச்சிருக்கேன். எங்க காட்டுனாலும் படிச்சிட்டு மொகம் மலந்துபோவும். இங்கிலீசு காயிதம் வச்சிருந்தா ஜப்பான்காரன் தலைய வாங்கிருவான், எரிச்சிருன்னு பொஞ்சாதி சொல்றா. படிச்ச அம்மா நீங்க ஒருதரம் பாத்துட்டா, எரிச்சிர்றேன்” என்றான்.

படித்தேன். அதில் இருந்தது இதுதான்: ‘இந்த ஆறுமுகம் தன்னைத் தச்சன் என்று சொல்லிக்கொள்கிறான். கையில் கம்போடு ஒருவர் பக்கத்தில் நின்றால் வேலை நடக்கும். அவன் என்னை விட்டுப் போவதில் எனக்குப் பூரண திருப்தி. இவனை அடுத்து வைத்துக்கொள்பவருக்கு ஆண்டவர் பொறுமையைத் தரட்டும்.’

“என்னம்மா போட்டிருக்கு? ஒருத்தரும் இன்னும் சொன்னதில்ல” என்றான்.

சிஸ்டர்கள் என்னைப் பொய் சொல்ல வளர்க்கவில்லை. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

“அப்ப அவங்கல்லாம் அதுக்கா சிரிச்சாங்க?” என்றான். காகிதத்தைப் பழைய மடிப்பின் மேலேயே மடித்தான். உளிகளைப் பைக்குள் போட்டான். மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தேன். தின்னச் சொன்னேன். “சன்னாசி தேடுவான்மா” என்று படியிறங்கிப் போய்விட்டான். சன்னாசி திங்கட்கிழமைதான் வண்டி கட்டுவான்.

வள்ளி, நான் கடுதாசி எழுதவில்லை. ஒரு தோட்டத்தையே நடத்திய படித்த மனிதர் கையெழுத்துப் போட்டுச் சொன்னதை ஒரு ஜன்னலுக்காக ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. என் கையெழுத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அடைக்கலம் கொடுப்பது வேறு, வேலை கொடுப்பது வேறு. சயாமிலும் சம்பளம் சாப்பாடு எல்லாம் உண்டு என்று கடைத்தெருப் பாசாரில் மேடை போட்டுச் சொல்கிறார்கள். மூன்று மாதம்தானே? வேறு தச்சன் இருந்தால் எழுது.

உன் அக்கா,
பெட்ரிசியா அமலதாஸ்


ரந்தாவ்,
2603 ஜூலை 9

பெட்ரிசியா அக்காவுக்கு,

கோபப்படாமல் படி என்று எழுதியிருந்தீர்கள். கோபப்பட்டுத்தான் படித்தேன்.

இரண்டு நாள் நான் இதை என் வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. மூன்றாம் நாள் காட்டினேன். அவர் படித்துவிட்டு எழுந்துபோய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு சொன்னார். அந்தக் காகிதத்தை டைப் அடித்தது அவர்தான்.

நாங்கள் அப்போது செண்டாயான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் விலை விழுந்து, ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருடம். வேலைச் சீட்டுக் கிழித்த குடும்பங்கள் தொழிலாளர் லயத்து வீடுகளை விட்டுப் போக மறுத்தால், அவர்கள் உள்ளே இருக்கும்போதே பலகையைப் பிரிக்கும்படி பெர்க்கின்ஸ் துரை ஆறுமுகத்திடம் சொன்னார். ஒரு வீட்டில் ராக்கம்மா என்பவள் பிள்ளை பெற்று நாலு நாள் ஆகியிருந்தது. “அந்தப் பொம்பள எந்திரிச்சி நடக்கட்டும் தொரை, நானே வந்து ஒத்த ஆணி பாக்கியில்லாம பிரிக்கிறேன்” என்றிருக்கிறான். அன்றே அவன் சீட்டையும் கிழித்தார்கள். போகும்போது சட்டிபிகேட் கேட்டான். துரை சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் அடித்தார். அதை அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டானாம்.

இந்தத் தோட்டத்துக்கு வந்து ஆறு வருடமாக இவர் அவனைத் தினமும் பார்க்கிறார். ஒரு நாளும் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்த எல்லோரும் சிரித்தார்கள், யாரும் சொல்லவில்லை. நீங்கள் ஒருவர்தான் சொன்னீர்கள். அதைச் சரி என்பதா, தப்பு என்பதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வெள்ளைக்காரர் சொன்னதை நம்பினீர்களே, அக்கா. உங்கள் கண்ணெதிரே அவன் செய்த வேலையையும் நம்பவில்லை, நாற்பது வருடமாக உங்களைத் தெரிந்த நான் எழுதியதையும் நம்பவில்லை.

அவன் திரும்பி வந்து மயிலம்மாளிடம், “நல்லாத்தான் எழுதியிருக்காரு தொரை. அந்தம்மாவுக்கு மரம் கெடைக்கலையாம்” என்று சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

பட்டியல் வியாழக்கிழமை போகிறது. திங்கட்கிழமை வண்டியில் கடுதாசி வந்தால் நேரம் இருக்கிறது.

வள்ளி


போர்டிக்சன்,
11 ஜூலை 1943

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடுதாசியை மூன்று முறை படித்தேன்.

ஆறுமுகத்துக்கான கடிதம் இத்துடன் இருக்கிறது. முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன். மீன்காரனுக்குச் சொல்லியனுப்புவது போல இருந்தது. நான் வாழ்க்கையில் எழுதிய முறையான கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுதான் எனக்கு ஒழுங்காக வரும். ஆகவே ஆங்கிலத்திலேயே எழுதி, அமலதாஸின் முத்திரையையும் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்துக்குக் குறையாத வேலை என்று சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷ் ஆகாது என்று நீ எழுதியது நினைவிருக்கிறது. அது பேச்சுக்கு. மரியாதையாக எழுதிய ஒரு கடிதத்தின் தகுதி எந்த அதிகாரிக்கும் தெரியும்.

அவனிடம் நீ எதுவும் சொல்லாதே. சொல்ல வேண்டியதை அவன் வந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
பெட்ரிசியா


ரந்தாவ்,
2603 ஜூலை 23

அக்கா,

கடிதம் திங்கட்கிழமையே வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்ததும் இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தமிழில் மாற்றி எழுதிவிடலாம் என்றேன். இவர் எழுத்து ஆபிசில் எல்லோருக்கும் தெரியும். என் எழுத்தில் எழுதினாலும் உங்கள் கையெழுத்துக்கு எங்கே போவது? சன்னாசியின் வண்டி மறுபடி சனிக்கிழமைதான். பட்டியல் போகும்வரை ஒருவரையும் தோட்டத்தை விட்டு வெளியே விடவில்லை.

வியாழக்கிழமை காலை மலாய் மொழியில் விளக்கிச் சொல்லிக்கொள்கிறேன் என்று அதையே எடுத்துக்கொண்டு போனார். மானேஜர் வாங்கிப் பார்த்தான். முதல் வரியோடு சரி. இவர் வாயைத் திறக்குமுன் இடது காதோடு சேர்த்து அறைந்தான். கீழே விழுந்த பிறகும் விடவில்லை. கடிதத்தை அவர் வாயிலேயே திணித்தான்.

ஆறுமுகம் அங்கேதான் நின்றிருந்தான். “கிராணியய்யா, எனக்காக நீங்க ஏன் அடி வாங்குறீங்க? எம்பேர எழுதிக்கிங்க” என்று தூக்கிவிட்டிருக்கிறான். முப்பதாவது பெயரை இவர் கையாலேயே எழுதினார். மறுநாள் லாரி வந்து சிரம்பான் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று.

இவருக்கு இடது காது கேட்கவில்லை. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

வள்ளி


போர்டிக்சன்,
2603 ஆகஸ்டு 15

அன்புள்ள வள்ளிக்கு,

இன்று தேவமாதா மோட்சமான திருநாள். பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்காமல் திரும்பினேன்.

போன திங்கட்கிழமை உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். சன்னாசியின் வண்டியில் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்தேன். உன் வீட்டைத் தாண்டித்தான் லயத்துக்குப் போனேன். உள்ளே வரக் கால் எழவில்லை; திரும்பும்போதும் வேறொரு வண்டியில் அப்படியே போய்விட்டேன்.

மயிலம்மாள் என்னை உட்காரச் சொல்லிப் பலகை போட்டாள். அந்தச் சட்டிபிகேட்டில் என்ன இருந்தது, நான் என்ன சொன்னேன், ஏன் கடிதம் கொடுக்கவில்லை, பிறகு கொடுத்தது ஏன் உதவவில்லை, எல்லாம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அதெல்லாம் கெடக்கட்டும்மா. ஆடி முடியப்போவுது. மூணு மாசம்னா ஐப்பசில வந்துருவாரா? நீங்க படிச்சவுங்க, அத மட்டும் சொல்லுங்க” என்றாள்.

வள்ளி, நான் “வந்துவிடுவார்” என்றேன்.

என் வீட்டுக்கு வந்து இருக்கும்படி அவளையும் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். “அவரு வந்து தேடுனா லயத்துலதான தேடுவாரு” என்று மறுத்துவிட்டாள். அங்கே பேசிக்கொண்டார்கள், அடுத்த மாதம் இன்னொரு பட்டியலாமே.

இத்துடன் ஐந்து தாள் அனுப்புகிறேன். எல்லாம் தமிழில். ஜப்பான் வருடம். ‘என் வீட்டைப் பிரித்துக் கட்டும் வேலைக்கு இவரை வைத்திருக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தை விட்டிருக்கிறேன். யாருடைய பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள். தச்சனா, ரப்பர் பால் வெட்டுபவனா, குடிகாரனா, எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம். யாராவது வந்து பார்த்தால் காட்டுவதற்காகச் சமையலறைக் கூரையை ஆள் வைத்து முழுவதும் இறக்கிவிட்டேன்.

பெட்ரிசியா


ரந்தாவ்,
2603 செப்டம்பர் 3

அன்புள்ள பெட்ரிசியா அக்காவுக்கு,

ஐந்து தாளும் வந்தன.

ஒரு விதவை வீட்டுக்கு ஐந்து பேர் வேலைக்கு என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள் எப்போதும் இப்படித்தான். ஒன்று, ஊசியால் குத்திப் பார்ப்பீர்கள். இல்லையென்றால் மொத்தமாக அள்ளிக் கொடுப்பீர்கள். ஒரு தச்சன், ஒரு கையாள், இரண்டு பேருக்கு மேல் வைத்தால் அந்த இரண்டும் போய்விடும் என்று இவர் சொன்னார். ஆக இரண்டு பேர். யாரென்று கேட்கும் வேலையை நீங்கள் என்னிடம் விட்டுவிட்டீர்கள். மூன்று நாள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவனையும் நினைத்துப் பார்த்தேன். இவனுக்கு எத்தனை பிள்ளை, அவனுக்கு யார் இருக்கிறார்கள், எவன் அங்கே தாங்கித் திரும்பி வருவான் என்று. இந்தக் கேள்விகளை நான் கேட்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஆபிசில் இப்போது வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான். இவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுப் பட்டியலில் முதல் பெயர் இவருடையது, மானேஜர் சொல்லி எழுதியது. ஐம்பத்திரண்டு வயது, ஒரு காது கேட்காது, மண்வெட்டி பிடித்ததில்லை.

முதல் தாளில் இவர் பெயரை எழுதினேன். இரண்டாவதில் முருகையா, தாயில்லாத நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். மானேஜர் சிரம்பானுக்குப் போயிருந்த நாள் பார்த்துக் கொடுத்தோம். இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

மயிலம்மாளின் தம்பி மணியமும் பட்டியலில் இருக்கிறான். இருபத்திரண்டு வயது. தச்சு வேலை ஆறுமுகத்திடம் பழகியவன். உண்மையில் உங்கள் கூரைக்கு வேண்டியவன் அவன்தான். மயிலம்மாள் வந்து என் வாசலில் நின்றாள். “அந்தம்மா காயிதம் அனுப்பியிருக்காங்களாமே?” என்றாள். தீர்ந்துவிட்டது என்றேன். அப்போது மூன்று தாள் என் பெட்டியில் இருந்தன. அவள் போன பிறகு அவற்றை அடுப்பில் போட்டேன்.

இவர் நாளைக்கு முருகையாவோடும் அவன் பிள்ளைகளோடும் சன்னாசியின் வண்டியில் வருகிறார். வலது காதுப் பக்கமாகப் பேசுங்கள். ஆணி அடிக்கத் தெரியாது. முருகையாவுக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் வரவில்லை. லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது. மயிலம்மாள் தம்பியை ஏற்றிவிட வருவாள். அவள் பக்கத்தில் போய் நிற்கப் போகிறேன். நிற்க விடுவாளா, தெரியாது.

எனக்குப் பதில் எழுத வேண்டாம், அக்கா.

வள்ளி